பி.டி.எஃப். கோப்பிலிருந்து வேர்டு கோப்புக்கு: ஓசூர் எல்லையில் மூன்று மொழித் தாள்கள்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையின் அலுவலகக் கணினியைத் திறந்தால் பதிவிறக்கக் கோப்புறை முழுக்க பி.டி.எஃப். கோப்புகள்தான் இருக்கும். பெரிய ஆலையிலிருந்து வந்த பர்ச்சேஸ் ஆர்டர், அதற்குரிய டிராயிங், ஜி.எஸ்.டி. தாக்கல் நகல், தொழிலாளர்களுக்கான தமிழ் அறிவிப்பு, கட்டடம் நிற்கும் இடத்தின் பட்டா, அத்திப்பள்ளிக்கு அப்பால் வாங்க நினைக்கும் நிலத்தின் கன்னடப் பஹணி (கர்நாடக நிலப் பதிவுத் தாள்) என்று எல்லாம் ஒரே வடிவில் வந்து சேர்கின்றன. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகளைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் கணக்கு பார்ப்பவர்களுக்கும், தாலுகா அலுவலகங்களைச் சுற்றியுள்ள டி.டி.பி. கடைக்காரர்களுக்கும் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்றுதான்: “இதை வேர்டுல மாத்திக் குடுங்க.”

மாற்றலாம். ஆனால் எல்லா பி.டி.எஃப்.புக்கும் ஒரே வழி கிடையாது. ஆங்கிலப் பர்ச்சேஸ் ஆர்டருக்கு ஒரே நிமிடத்தில் வேலை முடித்த மென்பொருள், தமிழ் அறிவிப்பை எடுத்ததும் எழுத்துகளைக் குலைத்துப் போடும். குற்றம் மென்பொருளில் மட்டும் இல்லை. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே பொத்தானை அழுத்துவதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

பி.டி.எஃப். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐ.எஸ்.ஓ. தரமானது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காக ஒவ்வோர் எழுத்து வடிவமும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான் கோப்பு குறித்து வைக்கிறது. எங்கே பத்தி தொடங்குகிறது, எது அட்டவணை, எது தலைப்பு என்ற விவரம் பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை. மாற்றும் மென்பொருள் இடைவெளிகளைப் பார்த்து ஊகிக்கிறது. நான்கு சொற்கள் நேர்க்கோட்டில் நின்றால் வரி, கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போனால் அட்டவணை. இந்த ஊகம் சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் பலிக்காது.

ஆகவே மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அனுப்பியவரிடம் மூலக்கோப்பைக் கேட்பது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு வேர்டிலோ எக்செலிலோ தயாரித்ததைத்தான் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருக்கும். ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலைக்கு அரை நாள் செலவழிக்க வேண்டியதில்லை. டிராயிங் என்றால் டி.எக்ஸ்.எஃப். கோப்பைக் கேட்கலாம். கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் மாற்றும் வேலை தொடங்க வேண்டும்.

இரண்டாவது வேலை ஒரு சோதனை. கோப்பைத் திறந்து, ஒரு வரியின் மேல் சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்தே தேர்வாகாமல் பக்கம் முழுவதும் ஒரு கட்டமாக நீலமானால் அது ஸ்கேன் செய்த படம். ஒட்டியது பக்கத்தில் உள்ளபடியே சரியாக வந்தால் அது நல்ல உரைக்கோப்பு. தமிழ் வரியை ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் பழைய எழுத்துரு. தமிழாகவே வந்து, கொம்புகள் மட்டும் இடம் மாறிப் புள்ளி வட்டங்களோடு நின்றால் அது நான்காவது வகை. அந்த வகைதான் இன்று அதிகம் தொல்லை தருகிறது.

ஆங்கிலத் தாள்கள்

ஆங்கில உரைக்கோப்புக்கு மைக்ரோசாஃப்ட் வேர்டே போதும். 2013 பதிப்பு முதல் வேர்டு பி.டி.எஃப்.பை நேரடியாகத் திறக்கிறது. மாற்றித் தரட்டுமா என்று ஒரு செய்தி காட்டும், சம்மதித்தால் புதிய ஆவணம் உருவாகும், மூல பி.டி.எஃப். அப்படியே இருக்கும். கடிதம், ஒப்பந்தம், தரக் கையேடு போன்ற ஓட்டமான உரைக்கு இது நன்றாக வேலை செய்கிறது. காசு கொடுத்து வாங்காத மென்பொருள்தான் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸின் டிரா செயலி பி.டி.எஃப்.பைத் திறக்கும். ஆனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியாக வைப்பதால், ஒரு தேதியையோ விலாசத்தையோ திருத்த மட்டும்தான் அது வசதி.

பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள அட்டவணையை வேர்டுக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை. எண்கள் எக்செலுக்குத்தான் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்செலில் ‘டேட்டா’ பட்டியலின் வழியாக பி.டி.எஃப். அட்டவணையை இழுத்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்களுக்கு டாபுலா என்ற இலவசச் செயலி உண்டு. அரசு அறிக்கைகளில் புதைந்த எண்களை எடுக்கப் பத்திரிகையாளர்கள் உருவாக்கியது அது. சொந்தக் கணினியிலேயே இயங்கும், ஸ்கேன் படங்களில் மட்டும் வேலை செய்யாது.

டிராயிங்கில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வட்டத்தின் குறுக்கே சாய்கோடு போட்ட விட்டக் குறியைப் பூஜ்யமாக வாசிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. 25 மில்லிமீட்டர் விட்டம் 025 ஆகலாம். ±0.05 என்பதில் கீழ்க்கோடு உதிர்ந்து +0.05 ஆனால், இரு பக்கமும் அனுமதித்த அளவு ஒரு பக்கமாகிவிடும். லேத்தில் நிற்பவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கடைசல் போடுவார். எனவே டிராயிங்கின் குறிப்புப் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு, அளவுகளைப் படத்திலிருந்து கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வதே சரி. இதில் நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

தமிழ் எங்கே உடைகிறது

நிலையாணைகளை, அதாவது ஆலையின் வேலை விதிகளை, தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொன்னது. ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்பது அதன் விதி. அதனால் ஓசூரில் பழைய ஆலைகளின் கோப்புகளில் தமிழ் ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. நிலையாணை, பாதுகாப்பு விதி, கேன்டீன் அறிவிப்பு, கூலி உடன்படிக்கை எல்லாம் உண்டு. பாமினி, வானவில் அவ்வையார் போன்ற எழுத்துருக்கள் கோலோச்சிய காலத்தில் அடித்தவை அவற்றில் பல.

அந்த எழுத்துருக்களில் தமிழ் என்பது கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லை நோட்பேடில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் வரும். இதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று கைவிட வேண்டாம். உண்மையில் சுலபமாக மீட்கக்கூடிய வகை இதுதான். பி.டி.எஃப். செயலியில் கோப்பின் பண்புகளைத் திறந்து, ஃபான்ட் பட்டியலில் பெயரைப் பாருங்கள். பெயர் தெரிந்ததும் உரையை நகலெடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற ஒன்றில் இட்டு, அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோட் தமிழ் கிடைக்கும். ஆங்கிலச் சொற்கள் கலந்த வரிகளில் மட்டும் அந்தச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாக மாறும். அவற்றை முதலிலேயே பிரித்து வைத்துவிட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அதன் பிறகு அரசு அலுவலகத்திலிருந்து வரும் தாள்களில் டி.ஏ.யூ. மருதம், லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருக்களைக் காணலாம். இனிச் சிக்கல் இல்லை என்று தோன்றும். அங்கேதான் நான்காவது வகை வருகிறது.

யூனிகோடில் ‘கெ’ என்று எழுதினால் முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் கணினி சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைகிறது. பி.டி.எஃப். ஆக்கும்போது வரைந்த வரிசையே கோப்பில் பதிவாகிறது. நகலெடுத்தால் அந்த வரிசையே திரும்பி வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்ப் பெயர்களிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி ஆகியவற்றில் இடப்பக்கக் கொம்போ இணைக்கொம்போ இல்லாததால் தப்பித்துவிடும். கெலமங்கலம் ‘ெகலமங்கலம்’ ஆகும். போச்சம்பள்ளி ‘ேபாச்சம்பள்ளி’ ஆகும். தேன்கனிக்கோட்டைக்கோ மூன்று இடத்தில் அடி: ‘ேதன்கனிக்ேகாட்ைட’.

உரை முழுவதும் இதே முறையில் புரண்டிருந்தால் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரே மூச்சில் நிமிர்த்தலாம். தேடி மாற்றும் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்ற தேர்வை இயக்கி, தேடும் இடத்தில் ([ெேை])([க-ஹ]) என்றும், மாற்றும் இடத்தில் $2$1 என்றும் கொடுக்க வேண்டும். கொம்பும் மெய்யெழுத்தும் இடம் மாறிக்கொள்ளும். ஒகர, ஓகாரங்களில் கொம்பும் காலும் இரண்டு துண்டாக நிற்கும். பார்வைக்குச் சரியாகவே தெரிந்தாலும், பின்னால் ‘போச்சம்பள்ளி’ என்று தேடும்போது அகப்படாமல் போகலாம். ஆகவே கொம்பு, கால் துண்டுகளைத் தேடி ஒற்றைக் குறியாக்கி விடுவது நல்லது. பாதி சரியாகவும் பாதி புரண்டும் இருக்கும் உரையில் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. சரியாக இருந்த ‘கெல’, ‘கலெ’ ஆகிவிடும்.

சில கோப்புகளில் ‘டி’, ‘கு’, ‘சூ’ போன்ற கூட்டு உருவங்களுக்கு எந்த எழுத்து என்ற விவரமே இருக்காது. அவை கட்டங்களாகவோ வெற்றிடமாகவோ வரும். அதற்குச் சூத்திரம் உதவாது. பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரிக்குக் கொடுப்பதே மேல். உரை உள்ள கோப்பை எதற்காகப் படமாக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். தமிழ் பி.டி.எஃப். விஷயத்தில், உடைந்த உரையைவிடத் தெளிவான படமே பல நேரம் நல்ல மூலப்பொருள்.

ஸ்கேன் தாளும் எழுத்துணரியும்

எழுத்துணரி என்பது படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் மென்பொருள். கடைக்காரர்கள் ஓ.சி.ஆர். என்பார்கள். தமிழுக்கு எல்லோர் கைக்கும் எட்டுவது கூகுள் டிரைவ். கோப்பை ஏற்றி, அதன் மேல் வலச்சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திற என்று சொன்னால் போதும். கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும், எழுத்து குறைந்தது 10 பிக்சல் உயரம் இருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. தடித்த எழுத்து, எழுத்தின் அளவு ஆகியவை ஓரளவு வரும். அட்டவணையும் இரட்டைப் பத்தியும் குலையும். பெரிய ஆவணத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றுவது நல்லது.

இணையத்தில் ஏற்றக்கூடாத தாளுக்கு டெசராக்ட் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளிவந்து, 2018-இன் நான்காம் பதிப்பில் நரம்பணு வலைக்கு மாறியது. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்குக்கும் மொழிக்கோப்பு உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சேர்த்தும் கொடுக்கலாம். கட்டளை வரி பழகாதவர்கள் ஜி-இமேஜ்ரீடர் என்ற முகப்பை நிறுவிக்கொண்டால் சுட்டியாலேயே வேலை செய்யலாம்.

எந்த எழுத்துணரியும் மூலப்படத்தைவிடச் சிறப்பாக வாசிக்காது. 300 டி.பி.ஐ.யில், நேராக, நிழல் விழாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். தொலைபேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். ஓசூர் வட்டாரத்தில் தாள் ஒன்றைக் கைமாற்றப் பெரும்பாலோர் பயன்படுத்துவது வாட்ஸ்அப்தான் என்பதால், இந்த ஒரு மாற்றமே பல திருத்தங்களை மிச்சப்படுத்தும்.

தமிழில் எழுத்துணரி தடுமாறும் இடங்கள் பழகினால் மனப்பாடமாகிவிடும். ஓகாரத்தின் சுழி தேய்ந்திருந்தால் ஓசூர் ‘ஒசூர்’ ஆகும். புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகும். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது ரகர மெய்யில்தான். ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்த ‘ா்’ வந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் சொல் அகப்படாது. மாற்றிய ஒவ்வோர் ஆவணத்திலும் ‘ா்’ என்பதை ‘ர்’ ஆக்கும் தேடல் ஒன்றைக் கடைசியாக ஓட்டிவிட வேண்டும்.

மெய்ப்புப் பார்க்கும் முறைக்குத் தமிழ் விக்கிமூலம் நல்ல முன்மாதிரி. அங்கே ஸ்கேன் செய்த புத்தகப் பக்கமும் எழுத்துணரி தந்த உரையும் அருகருகே நிற்கும். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், வேறொருவர் மறுபடி சரிபார்த்தது பச்சை. திருத்தியவரே பச்சை போட முடியாது. நாற்பது பக்க உடன்படிக்கையை மாற்றும் அலுவலகமும் பக்கவாரியாக இதே மூன்று நிறத்தை வைத்துக்கொள்ளலாம்.

பட்டாவும் பஹணியும்

எல்லையின் இருபுறமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஜூஜூவாடிச் சாவடியைத் தாண்டினால் ஆனேக்கல் தாலுகா. பதிவேட்டின் மொழி மாறுகிறது. கர்நாடகம் 2000-இல் பூமி திட்டத்தின் கீழ் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. அங்கும் நுடி, பரஹா என்று பழைய எழுத்துமுறைகள் புழங்கியதால், கன்னடக் கோப்புகளிலும் பாமினியில் கண்ட அதே குழப்பம் உண்டு. எழுத்துணரியிடம் கொடுக்கும்போது கன்னடம் என்று மொழியைக் குறிப்பிட்டே கொடுக்க வேண்டும். கன்னடமும் தெலுங்கும் ஒரே சாயல் என்பதால், மொழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சொற்கள் திரிந்துவிடும். கன்னட எண்களால் எழுதிய பழைய தாளையும் கையெழுத்துப் பிரதியையும், மொழி தெரிந்தவர் உட்கார்ந்து வாசித்துத் தட்டச்சு செய்வதுதான் ஒரே வழி.

பரப்பளவில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. 0-40.50 என்றால் 40.50 ஏர், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். கர்நாடகப் பஹணியில் ஏக்கர், குண்டா கணக்கு. 40 குண்டா ஓர் ஏக்கர். அங்கே 1.20 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது ஓர் ஏக்கர் இருபது குண்டா, அதாவது ஒன்றரை ஏக்கர். எக்செலுக்கு அது தெரியாது. தசமமாக எடுத்துக்கொண்டு 1.2 என்று காட்டும், கூட்டலும் தப்பாகும். இத்தகைய நெடுவரிசையை ஒட்டுவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ வடிவமாக அமைத்துவிட வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவும் அப்படித்தான். 12/3 என்பதை மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ எக்செல் தேதியாக்கிவிடும்.

பெயர்களைத் ‘திருத்தும்’ ஆசையும் வேண்டாம். தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஒரே நிலத்தின் தாய்ப் பத்திரம் சேலம் மாவட்டம் என்றும், அடுத்தது தருமபுரி மாவட்டம் என்றும், கடைசியானது கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் சொல்லும். மூன்றும் சரி. மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கினால், வங்கியின் சட்ட ஆலோசகர் பத்திரத் தொடர்ச்சியைப் பார்க்கும்போது தாளும் நகலும் பொருந்தாமல் போகும். பத்திரத்தில் ஹோசூர் என்றிருந்தால் ஹோசூர் என்றே இருக்கட்டும்.

எதை எங்கே ஏற்றக்கூடாது

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை இலவச மாற்றுத் தளங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பின் டென்வர் அலுவலகம், இத்தகைய தளங்கள் சிலவற்றின் வழியாகத் தீங்கு மென்பொருள் பரவுவதையும், ஏற்றிய கோப்பிலிருந்து அடையாள எண்களும் கடவுச்சொற்களும் களவு போவதையும் எச்சரித்தது. ஆதார், பான், வங்கி அறிக்கை, வாடிக்கையாளரின் டிராயிங் ஆகியவை அங்கே போகக் கூடாதவை. ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் பட்டறைகள் டிராயிங்கை வாங்குகின்றன. அதை முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்புவது அந்த வாக்கை மீறுவது. இவற்றுக்கு வேர்டு, லிப்ரே ஆபீஸ், டாபுலா, டெசராக்ட் என்று சொந்தக் கணினியில் ஓடுபவையே போதும். டி.டி.பி. கடையில் மாற்றினால், வேலை முடிந்ததும் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் கோப்பை அழித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

மின்னணுக் கையொப்பமிட்ட ஆவணத்தை வேர்டாக மாற்றிய நொடியில் அந்தக் கையொப்பம் போய்விடும். மாற்றிய பட்டா பட்டா அல்ல. மொழிபெயர்க்க, குறிப்பெடுக்க, மனு எழுத உதவும் உரை மட்டுமே. அதில் ஓர் எண்ணைத் திருத்தி மறுபடி பி.டி.எஃப். ஆக்கி எங்காவது கொடுத்தால் அது போலி ஆவணம், பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். கடைக்காரர்கள் தாங்கள் மாற்றித் தரும் அரசு ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘வாசிப்புக்கான நகல்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அவர்களுக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் பாதுகாப்பு.

திருத்தி முடித்த ஆவணத்தைத் திரும்ப பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும்போது, லிப்ரே ஆபீஸின் ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஹைபிரிட் பி.டி.எஃப்.’ என்றொரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் மூல ஆவணமும் அதே கோப்புக்குள் சேர்ந்துவிடும். பார்ப்பவருக்கு அது வழக்கமான பி.டி.எஃப். லிப்ரே ஆபீஸில் திறப்பவருக்குப் பத்தி, அட்டவணை, தமிழ்க் கொம்பு எல்லாம் குலையாத, திருத்தக்கூடிய ஆவணம். வெளியார் மூலத்தைப் பார்க்கக் கூடாத விலைப்பட்டியல், ஒப்பந்த வரைவு போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தேர்வை அணைத்துவிட்டு அனுப்ப வேண்டும்.